பால் காய்ச்சிய வீட்டின் விலை

ஒரு வீட்டின் விலை என்ன என்பது எனக்கு இன்றுவரை குழப்பமாகத்தான் இருக்கிறது. நான் இப்படிச் சொல்லக் கூடாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடுகளைப் பார்த்து, அளந்து, இது இவ்வளவு பெறும் என்று வங்கிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. வீட்டுக்கடன் கேட்டு யார் போனாலும் வங்கி முதலில் என்னைப் போன்ற ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். நாங்கள் எழுதும் விலையை வைத்துத்தான் கடன். என் பிள்ளைகள் படித்ததும் நான் இப்போது குடியிருக்கும் வீடும் அந்த வேலையால் வந்தவை. போன வருடம் கடையைக் கட்டிவிட்டு உட்கார்ந்த பிறகும் குழப்பம் மட்டும் ஓயவில்லை.

இப்போது தெருப் பெயரையும் சதுர அடியையும் தட்டினால் கம்ப்யூட்டரே ஒரு விலையைச் சொல்லிவிடுகிறதாம். எங்கள் தொழிலில் இருக்கும் இளம்பிள்ளைகள் ஒரு கல்யாணத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் இல்லாத நாளில் விலையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன். மேடம் தன்னடக்கமாகப் பேசுகிறார்கள் என்று சிரித்தார்கள். தன்னடக்கமெல்லாம் இல்லை. எனக்கு அந்தக் குணம் கிடையாது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆரோக்கியசாமி வீட்டுக் கதையைச் சொன்னால் அவர்களுக்கே புரியும் என்று இதை எழுதுகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்ததும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வளையல் கடை மாடியில் இருந்த தனசேகரன் சார் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் டேப்பின் மறுமுனையைப் பிடித்ததிலும் வரைபடம் போட்டதிலும் போயின. பெண்பிள்ளை வெயிலில் அலைவாளா என்று கேட்டவர்களுக்கு சார் பதில் சொல்லவில்லை. அவர் யாருக்குமே சட்டென்று பதில் சொல்ல மாட்டார். கேட்ட கேள்வியை ஒரு தரம் மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கேட்டவருக்கே அலுத்துப்போய்விடும்.

ஒரு வீட்டுக்குள் போனால் அவர் டேப்பை எடுக்க மாட்டார். முதலில் குழாய்த் தண்ணீரைக் கேட்பார். கேன் தண்ணீரைக் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார். கடலூரில் கடலை ஒட்டிய பக்கம் போர் தண்ணீர் எந்த வருடம் உப்பாக மாறும் என்று சொல்ல முடியாது. ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் பீரோவை நகர்த்தச் சொல்வார். எங்கள் வீட்டுக்குள் வெள்ளமே வந்ததில்லை என்று சொல்லாத வீட்டுக்காரர் இந்த ஊரில் கிடையாது. சுவருக்கு வெள்ளை அடிப்பவர்கள் பீரோவுக்குப் பின்னால் மட்டும் அடிக்க மாட்டார்கள். வெள்ளம் வந்து நின்ற கோடு அங்கே இருக்கும். ஒவ்வொரு கதவையும் ஒரு தரம் சாத்தித் திறப்பார். உரசினால் சுவர் இறங்கியிருக்கிறது. பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளையும் நடந்து பார்ப்பார். வேலை முடியும்வரை காபி வாங்க மாட்டார். விலையை வீட்டில் வைத்துச் சொல்லவே மாட்டார்.

கடைசியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வீட்ட விக்கலன்னா என்ன பண்ணுவீங்க?" சும்மா இருந்துட்டுப் போறோம் என்று பதில் வந்தால் பேசிய விலை உண்மையான விலை. ஆள் முகம் மாறினால் விலையில் ஏதோ இருக்கிறது. புத்தகத்தில் இது இல்லை. விருப்பமுள்ளவர் விற்று, விருப்பமுள்ளவர் வாங்கும் விலைதான் சந்தை விலை என்று மட்டும் புத்தகத்தில் இருக்கும். அந்த விருப்பத்தைக் கண்டுபிடிக்க இவர் வைத்திருந்த வழி அது.

சாருக்கு முழங்கால் தேய்ந்து, அவர் அலுவலகத்தோடு நின்றுவிட்ட பிறகு வெளிவேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. அது வீடு விற்காத காலம். சிதம்பரத்தில் ஏன் விற்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அங்கீகாரம் இல்லாத மனைப் பிரச்சினை என்றார் ஒருவர். செல்லாத நோட்டு என்றார் இன்னொருவர். மாற்றலாகிப் போன குடும்பங்கள் திரும்பவில்லை என்றார் ஒரு தரகர். அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு மேலே நின்றது; வாங்கத்தான் ஆள் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் சமீபத்தில் கைமாறிய வீடே கிடையாது. எதை வைத்து விலை எழுதுவது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு வங்கி என்னை சிதம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்த ஒரு சின்னத் தெருவுக்கு அனுப்பியது. விற்பவர் ஆரோக்கியசாமி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி லூர்துமேரி. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இந்த வீட்டை விற்று அவள் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்குவதாகத் திட்டம். வாங்குபவர் குமாரவேல், சேத்தியாத்தோப்புக்காரர், பைக் ஷோரூமில் கணக்குப் பார்ப்பவர். மனைவி சுமதி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். விலை பேசி, முன்பணம் கொடுத்து, ஒப்பந்தமும் எழுதியாகிவிட்டது. மீதி வங்கிக் கடனில் வரவேண்டும்.

கேட்டைத் திறந்ததும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நிலைப்படியில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. கதவில் மஞ்சள், குங்குமம். உள்ளே ஆரோக்கியசாமி "வாங்க மேடம்" என்றார். அதே நேரத்தில் குமாரவேல் "உக்காருங்க மேடம்" என்றார். நான் குழாய்த் தண்ணீர் கேட்டதும் லூர்துமேரி ஒரு டம்ளரும் சுமதி ஒரு டம்ளரும் கொண்டுவந்து நீட்டினார்கள். இது யாருடைய வீடு என்று எனக்கே பிடிபடவில்லை. தவறான நாளில் வந்துவிட்டோமோ என்று பைக்குள் இருந்த வங்கிக் கடிதத்தை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

சமையலறைக்குப் போனதும் விஷயம் தெரிந்தது. மேடையில் லூர்துமேரியின் குக்கர் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் கழுத்தில் மஞ்சள் கட்டிய புதுப் பித்தளைப் பானையும் அதன் பக்கத்தில் அரிசியும் உப்பும் இருந்தன. மாடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார். பால் காய்ச்சியிருக்கிறார்கள். பத்திரம் பதியவில்லை, கடன் கிடைக்கவில்லை, விற்பவர் காலிகூடச் செய்யவில்லை. அதற்குள் வாங்குபவர் குடிவந்துவிட்டார்.

காரணத்தை சுமதிதான் சொன்னாள். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். அடுத்து ஆடி, ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆவணி வந்தால் ஏழாவது மாதம் பிறந்துவிடும். அதற்குமேல் வயிற்றுப் பிள்ளைக்காரி வீடு மாறக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆகவே ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பாலைக் காய்ச்சி, பானையை வைத்துவிட்டால் குடிவந்ததாகக் கணக்கு. அப்புறம் பெட்டி, படுக்கை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆரோக்கியசாமி தாராளமாகச் சம்மதித்து அடுப்பையும் அவரே பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். நாங்களும் இந்த வீட்டுக்கு வந்தப்ப ஃபாதர் ஜெபம் பண்ணிப் பால்தான் காய்ச்சினோம் என்றார்.

அளந்தேன். பீரோவை நகர்த்தினேன், சுவர் சுத்தம். கதவுகள் உரசவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர். வீட்டில் ஒரு குறை கிடையாது. கிளம்பும்போது சார் கேட்கும் கேள்வியை நானும் ஆரோக்கியசாமியிடம் கேட்டேன்.

"விக்காம எப்புடிங்க மேடம் இருக்க முடியும்? அவுங்கதான் பால் காய்ச்சிட்டாங்களே" என்றார்.

இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. சரி என்று சுமதியைப் பார்த்து, வாங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றேன். நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல அவள் என்னைப் பார்த்தாள். "காச்சின வீட்ட உட்டுட்டு இந்த வயித்தோட எங்க மேடம் போறது?"

விருப்பமுள்ள விற்பவர், விருப்பமுள்ள வாங்குபவர் என்ற என் பாடம் அந்தக் கூடத்திலேயே கலைந்துபோனது. இரண்டு பேரும் விரும்புகிறார்களா, மாட்டிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவின் அகலத்தை அளக்க வெளியே வந்தேன். எதிர்வீட்டு ராமலிங்கம் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஆரோக்கியசாமி வீட்டுக்கு நல்ல விலையாக எழுதுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அக்கம்பக்கத்தார் மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் நினைப்பதற்குள், தன் வீட்டையும் கொடுத்துவிட்டுச் சென்னையில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று யோசிப்பதாகவும், இதைத் தெருவில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொன்னார். வாசலில் விற்பனை என்று பலகை மாட்டினால் கடனில் மாட்டிக்கொண்டான் என்று ஊர் பேசும். அதனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் யாரும் மாட்ட மாட்டார்கள்.

நான்கு எட்டு வைத்ததும் மூலை வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தார். அவரும் அதையே சொன்னார். நம்ம வீடும் இருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அதற்கடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டு போவதற்காக ஆட்டோவில் ஏறும்போது இன்னொருவர் ஓடிவந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டு, காதருகே குனிந்தார். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குமேல் விலைக்கு இருந்தன. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் விற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருடைய ரகசியமும் என்னிடம் மட்டும் இருந்தது.

பாதித் தெரு விலைக்கு வந்தால், பேசிய விலை நிற்காது. நாளைக்கே இன்னொருவர் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருப்பார். அப்படியானால் நான் குறைத்துத்தான் எழுத வேண்டும். குறைத்தால் கடன் குறையும். அந்த இடைவெளியை நிரப்ப குமாரவேலிடம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது ஒரு விலை மனதில் எழுதினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் அதை அடித்து வேறு எழுதினேன். கடலூர் முதுநகர் வருவதற்குள் இரண்டையும் நம்பவில்லை.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். அப்புறம், "ஒனக்கு அந்த வீடு வேணும்னா என்ன குடுப்ப?" என்று கேட்டார். யோசிக்காமலே ஒரு தொகையைச் சொன்னேன். பேசிய விலையைவிட நன்றாகவே குறைவு.

"அப்ப அத ஏன் எங்கிட்ட கேக்க வந்த?"

"கொறச்சா அந்தப் பொண்ணு வெளிய நிக்கணும் சார்."

"கொறச்சா வெளிய நிக்கணும்" என்று அவரும் மெதுவாகச் சொன்னார். "ஏத்தி எழுதுனா இருவது வருஷம் கடனக் கட்டிக்கிட்டு உள்ள நிக்கணும்."

அத்தோடு ஃபேனைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதில் வந்த அந்தத் தொகையையே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் இப்பகுதியில் தேவை குறைவு என்று ஒரு வரி போட்டேன். தெருக்காரர்கள் நம்பிச் சொன்னதை வேறு எப்படி எழுதுவது?

அடுத்த வாரம் சுமதி போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை, புரியாமல்தான் கேட்டாள். "வீட்டுல ஒரு கொறையும் இல்லன்னு நீங்களே சொன்னீங்க. அப்பறம் எப்புடி மேடம் வெல மட்டும் கொறையும்?" தெருவைப் பற்றி அவளிடம் சொல்ல முடியாது. சந்தை அப்படி இருக்கிறது என்று ஏதோ சொல்லி வைத்தேன். சொல்லும்போதே அது எனக்கே விளங்காத பேச்சாக இருந்தது.

பிறகு நடந்தது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடன் குறைந்ததும், நான் எழுதிய தொகைக்கே வீட்டைத் தரும்படி குமாரவேல் கேட்டிருக்கிறார். ராமலிங்கமும் மற்றவர்களும் ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போய், குறைத்து மட்டும் விற்றுவிடாதே, நீ விற்கிற விலைதான் எங்களுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லப்போய்த்தான் ஒவ்வொருவர் வீடும் விலைக்கு இருப்பது மற்றவருக்குத் தெரிந்து, அவர்களுக்குள்ளேயே வாய்ச்சண்டை ஆகியிருக்கிறது. ஆரோக்கியசாமி ஆடி முழுக்க முடிவைத் தள்ளிப்போட்டார். லூர்துமேரிதான் முடித்துவைத்தாராம். தினம் காலையில் அந்தப் பித்தளைப் பானையை நகர்த்தி வைத்துவிட்டுச் சமைக்க என்னால் முடியாது, ஒரு புள்ளத்தாச்சி பொங்கவைத்த பானையை நான் எடுத்து வெளியே வைக்க மாட்டேன் என்றாராம். ஆவணியில் நான் எழுதிய அதே தொகைக்குப் பத்திரம் பதிந்தது. சுமதிக்கு ஐப்பசியில் ஆண்குழந்தை.

எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதி ரொம்ப நாள் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் வீட்டுச் சந்தை படுக்கவில்லை. இங்கே குறைத்து விற்ற பணத்தில் அங்கே ஒரு ஃபிளாட்டும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மகள் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இதற்கு நடுவில், அந்தப் பக்கத்தில் வேறு எந்த வீட்டுக்கு விலை எழுதப் போனாலும் ஒப்பிட்டுக் காட்ட எனக்கிருந்த ஒரே விற்பனை ஆரோக்கியசாமி வீடுதான். மற்ற மதிப்பீட்டாளர்களும் அதையே காட்டினார்கள். விலை அவ்வளவுதான் இருந்ததால் நான் எழுதினேனா, நான் எழுதியதால் விலை அவ்வளவானதா? சாரிடம் கேட்கலாம் என்றால் அவர் அதற்குள் காலமாகிவிட்டார். இருந்திருந்தாலும் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்திருப்பார்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ராமலிங்கம் சென்னையிலிருந்து பேசினார். மகனோடு போய்விட்டாராம். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். இனி விற்றுவிடப் போகிறார். வாடகைக்கு இருப்பவரே வாங்கிக்கொள்ளக் கேட்கிறாராம். வங்கிக்காக வேண்டாம், எனக்காக ஒரு விலை போட்டுக் கொடுங்கள், இரண்டு பேரும் அதை ஒத்துக்கொள்வதாகப் பேச்சு என்றார். எதிர்வீடு விற்ற விலையைத்தான் ஆதாரமாகக் காட்ட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன்.

"அது நீங்க எழுதுன வெலதான மேடம்? நீங்க எழுதுனதுக்கு நீங்களே சாட்சியா?" என்று கேட்டார். வந்து பார்க்கிறேன் என்றேன்.

தெருவுக்குள் நுழையும்போது சுமதி கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். பையன் பள்ளிக்கூடம் போகிறானாம். நான் வரும் காரணம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வெலையா போடுங்க மேடம். எதுத்த வீட்டுக்கு என்னவோ அதான எங்களுக்கும்" என்றாள். ஒரு காலத்தில் விலை குறைந்ததால்தான் இவளால் உள்ளே நிற்க முடிந்தது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய தவணை இன்னும் முடியவில்லை.

ராமலிங்கம் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் ஆரோக்கியசாமி. தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே லூர்துமேரியின் குரல் கேட்டது. கோயம்புத்தூர் சரிப்படவில்லை, இந்தத் தெருவில்தான் வாடகை மலிவு, வந்துவிட்டோம் என்றார். பழைய வீடு எதிரிலேயே இருக்கிறதே, கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். பழகிவிட்டது என்று மட்டும் சொன்னார். நான் எழுதிய ஒரு தொகையால் இந்த மனிதர் சொந்த வீட்டுக்கு எதிரே வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என்மேல் ஒரு வார்த்தை கோபமாக வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் என் பையை வாங்கி நாற்காலியில் வைத்தார். தெருப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைப் பாதி சாத்தினார்.

"மேடம், அன்னிக்கி எங்க வீட்டுக்கு எழுதுனீங்க பாருங்க, அந்த மாதிரியே இதுக்கும் கொறச்சு எழுதுங்க. எங்கிட்ட இருக்குறது அவ்ளோதான்" என்றார்.

குத்திக் காட்டுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, கெஞ்சினார். நான் டேப்பை வெளியே எடுத்தேன். அதன் முனையை அவரே வாங்கிக்கொண்டு, சுவரோரமாகப் போய்க் குனிந்து பிடித்தார்.